நல்லா செட்டில் ஆன குடும்பம்

வாங்க தம்பி, உள்ள வாங்க. பேங்க்ல இருந்துதானே? பையைப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. கலெக்‌ஷனுக்கு வர்றவன் பை வேற மாதிரி இருக்கும், வெரிஃபிகேஷனுக்கு வர்றவன் பை வேற மாதிரி இருக்கும். எனக்கு ரெண்டு பேருமே பழக்கம். அந்த சேர்ல உக்காராதீங்க, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க.

அமுதவல்லியையா பாக்கணும்? அவ மாவு போடப் போயிருக்கா. இட்லி மாவு. வீடு வீடாப் போய்ப் போட்டுட்டு வருவா. பொண்ணு கனிஷ்கா ஜெராக்ஸ் எடுக்கப் போயிருப்பா, அவ பேர்லதானே படிப்பு லோன். ரெண்டு பேரும் இல்லைன்னா என்ன, நான் இருக்கேன்ல. நான்தான் அவ வீட்டுக்காரன். தனுஷ்கோடி. எழுதிக்குங்க, எழுதிக்குங்க. குடும்பத்தைப் பத்தி என்னை விட யாருக்குத் தெரியும்?

பட்டு வேட்டியைப் பாக்கறீங்களா? ஒட்டன்சத்திரத்துல ஒரு கல்யாணம், இப்பத்தான் வந்து இறங்கினேன். சாயங்காலம்தான் வர்றதா இருந்தேன். போன இடத்துல மரியாதை சரியில்ல தம்பி. வாசல்ல இவ்ளோ பெரிய ஃபிளெக்ஸ் வச்சிருக்கான், அதுல என் போட்டோ எங்க இருக்குன்னு நினைக்கறீங்க? கடைசி வரிசை. அரை டிராயர் போட்ட பசங்களோட. நான் மாப்பிள்ளைக்கு சித்தப்பா முறை. ஒரு வாய் தண்ணி குடிக்கல, மொய்க் கவரையும் பைக்குள்ளயே போட்டுக்கிட்டு அடுத்த பஸ்ல ஏறிட்டேன். மனுஷனுக்கு மரியாதைதான் முக்கியம். பணம் இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். எனக்குப் பெரும்பாலும் போகும்.

கேளுங்க, என்ன கேக்கணுமோ கேளுங்க. தொழிலா? பிசினஸ்னு போட்டுக்குங்க. என்ன பிசினஸ்னு கேட்டா அது மாறிக்கிட்டே இருக்கும். முதல்ல பாக்குமட்டைத் தட்டு. அப்புறம் ஈமுக்கோழி. ஈமு எனக்கு மட்டுமா போச்சு, இந்த ஜில்லாவுல பாதிப் பேருக்குப் போச்சு, அதுல என்னைத் தனியாச் சொல்ல என்ன இருக்கு? அப்புறம் தண்ணி கேன். இப்போ கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கேன். அடுத்து என்னன்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன். யோசிக்கறதும் வேலைதானே தம்பி. ஆனா அதுக்குன்னு உங்க ஃபாரத்துல இடமே இல்ல.

நீங்க படிச்ச பையன், உங்ககிட்ட ஒரு நியாயம் கேக்கறேன். அதோ, முருகர் படத்துக்குப் பக்கத்துல ஒரு லேமினேஷன் தொங்குது பாருங்க. எந்திரிச்சுப் போய்ப் பாருங்க. மேல பேங்க் முத்திரை. கீழ கையெழுத்து. நடுவுல கொட்டை எழுத்துல என்ன போட்டிருக்கு? சத்தமாப் படிங்க. செட்டில்டு. ஆங். படிச்சீங்கல்ல? இப்போ உக்காருங்க, கதையைச் சொல்றேன்.

என் தங்கச்சி மகனுக்குக் காதுகுத்து வச்சாங்க. நான் ஒரே தாய்மாமன். தாய்மாமன் சீர்னா என்னன்னு அன்னைக்கு ஊருக்குக் காட்டினேன். கேரளாவுல இருந்து செண்டை மேளம். ரெண்டு குதிரை. தட்டு வரிசை தெருமுனையைத் தாண்டி நிக்குது. கடைசித் தட்டுல வாஷிங் மெஷினே போச்சு தம்பி, நாலு பேரு தூக்கிட்டு வந்தாங்க, மாலையெல்லாம் போட்டு. ஜனம் வாயப் பொளந்துருச்சு. நம்ம வீட்ல அமுதவல்லி இன்னும் கல்லுல அடிச்சுத்தான் துவைக்கிறா, அது வேற விஷயம். வீட்டுக்குள்ள இருக்கறதை எவன் பாக்கறான்? சபையில போறதைத்தான் பாப்பான்.

அதுக்கு வாங்கினதுதான் பர்சனல் லோன். கொடுக்கறப்ப என்ன மரியாதை தெரியுமா? ‘சார் உக்காருங்க, சார் காபி சாப்பிடுங்க, இன்னும் கொஞ்சம் கூடப் போட்டுத் தரவா சார்.’ நான்தான் வேணாம் வேணாம்னு பாதி வாங்கினேன். சரி, பாதிக்கு மேல கொஞ்சம். ஒழுங்காக் கட்டிக்கிட்டும் வந்தேன், ஈமு போற வரைக்கும். ஈமு போச்சா, தவணை நின்னுச்சா, அதே ஆளுங்க போன்ல பேசற பேச்சு இருக்கே! சார் போச்சு, காபி போச்சு. ஆனா நான் அசரலையே. பேசினேன். பேசிப் பேசி, பேசிப் பேசி, கடைசில அவங்களே இறங்கி வந்துட்டாங்க. ‘சார், பாதியைக் கட்டுங்க, முடிச்சுக்கலாம்.’ பாருங்க, திரும்ப சார் வந்துருச்சு. பாதிக்குக் கொண்டாந்தேன் தம்பி! பேங்க்கையே பாதிக்குக் கொண்டாந்தவன் நான். அந்தப் பாதிக்கு அமுதவல்லி தாலிச் சங்கிலியைக் கழட்டிக் கொடுத்தா, இப்போ மஞ்சக் கயிறுதான் போட்டிருக்கா. மங்கலமாத்தான் இருக்கு. ஆனா பேசினது யாரு? நான்.

அப்போ கொடுத்த லெட்டர்தான் அது. செட்டில்டு. கையோட போய் லேமினேஷன் போட்டுட்டேன். பின்ன? எங்க சொந்தத்துல ஒருத்தனை செட்டில்னு சொல்ல வைக்கறதுன்னா லேசா? பொண்ணு கேட்டுப் போனா முதல் கேள்வியே, ‘பையன் செட்டில் ஆயிட்டானா?’ அரசாங்க உத்தியோகம் வேணும், மாடி வீடு வேணும், அதுக்கு அப்புறமும் இழுத்துத்தான் சொல்லுவானுங்க, ‘ஏதோ, ஓரளவுக்கு செட்டில் ஆயிட்டான்’னு. எனக்கு பேங்க்காரனே முத்திரை போட்டுக் கொடுத்திருக்கான். வர்றவன் போறவனுக்கெல்லாம் காட்டியிருக்கேன். என் தங்கச்சி புருஷன் ஒரு காப்பிகூடக் கேட்டான்.

சரி, பொண்ணு விஷயத்துக்கு வரேன். கனிஷ்காவுக்கு கவுன்சிலிங்ல கோயமுத்தூர்ல சீட் கிடைச்சிருக்கு. பயோமெடிக்கல். ஆஸ்பத்திரியில மெஷின் எல்லாம் இருக்குல்ல, நெஞ்சுல ஒட்டிப் பாக்கறது, அது இதுன்னு, அதையெல்லாம் செய்யற படிப்பாம். கெட்டிக்காரப் பொண்ணு தம்பி. அது என்னை மாதிரி. திங்கக்கிழமைக்குள்ள பீஸ் கட்டலைன்னா சீட்டை அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துருவாங்களாம். உங்களுக்கே தெரியும், நீங்க இன்னைக்கு ரிப்போர்ட் கொடுத்தாத்தான் மேனேஜர் மேடம் நாளைக்குக் கையெழுத்துப் போடுவாங்க. அதனால பாத்து, நல்லபடியா எழுதுங்க.

முதல்ல மூணு பேருமாத்தான் உங்க பேங்குக்கு வந்தோம். மேடம் என் பேரைக் கம்ப்யூட்டர்ல தட்டினாங்க. தட்டிட்டு, கண்ணாடியைக் கழட்டிட்டு, ‘சார், உங்க பேர்ல செட்டில்டுன்னு காட்டுதே’ன்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும்! திண்டுக்கல்லு பேங்க் கம்ப்யூட்டர் வரைக்கும் விஷயம் வந்திருக்கு பாருங்க. கனிஷ்காவைத் திரும்பிப் பாத்தேன், கேட்டுக்கோ உங்கப்பன் யாருன்னு. ‘ஆமா மேடம், கடவுள் புண்ணியத்துல நல்லா செட்டில் ஆயிட்டோம்’னேன். ‘சொந்த வீடு, கட்டுப்பாடான குடும்பம்’னேன். லேமினேஷனும் கையிலதான் வச்சிருந்தேன், எதுக்கும் இருக்கட்டும்னு கொண்டுபோயிருந்தேன். எடுத்து மேஜை மேல வச்சேன்.

அந்தம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘சார், செட்டில்டுன்னா நீங்க முழுசாக் கட்டலைன்னு அர்த்தம். மிச்சத்தை பேங்க் நஷ்டக் கணக்குல எழுதிருச்சுன்னு அர்த்தம். முழுசாக் கட்டியிருந்தா க்ளோஸ்டுன்னு வந்திருக்கும். கடன் கட்டின விதத்துக்குப் போடற இந்த சிபில் மார்க்கை வச்சு உங்களைப் பொண்ணோட லோன்ல சேத்துக்க முடியாது.’ க்ளோஸ்டாம் தம்பி! எங்க ஊர்ல ஒருத்தனைப் பத்தி ‘அவன் க்ளோஸ்’னு சொன்னா என்ன அர்த்தம்? ஆளு போயிட்டான், மாலை வாங்கிட்டு வாங்கடான்னு அர்த்தம். உங்க பேங்க்ல யோக்கியனுக்கு க்ளோஸ், மோசக்காரனுக்கு செட்டில். எந்த ஊரு இங்கிலீஷ் இது? நான் விடல, கேட்டேன். சத்தமாவே கேட்டேன். அந்த ஹால்ல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க. கனிஷ்கா தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அங்க ஏசி ரொம்ப ஜாஸ்தி தம்பி, சின்னப் பிள்ளைகளுக்கு ஒத்துக்காது.

அப்புறம் மேடம், ‘வீட்ல வேற யாராவது சம்பாதிக்கறவங்க இருக்காங்களா சார்?’னாங்க. ‘இல்ல மேடம், நான் ஒருத்தன்தான்’னேன். அமுதவல்லி பக்கத்துலதான் உக்காந்திருந்தா.

அதுக்கு மேல ஒருத்தன்கிட்டப் போய் நின்னேன், எனக்காக இல்ல, பொண்ணுக்காக. அமுதவல்லியோட அண்ணன், ராமசுப்பு. பலசரக்குக் கடை வச்சிருக்கான். எனக்கும் அவனுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. சீருக்குக் குதிரை எதுக்குன்னு கேட்டவன் அவன். கஞ்சன்னா அப்படி ஒரு கஞ்சன். வாழ்க்கையில ஒரு பைசா கடன் வாங்கினதில்ல, கடை, வீடு, வண்டி எல்லாம் ரொக்கம். சரி, அவனே வந்து கையெழுத்துப் போடட்டும்னு கூட்டிட்டு வந்தேன். மேடம் அவன் பேரைத் தட்டினாங்க. எவ்வளவு வந்துச்சுன்னு நினைக்கறீங்க? மைனஸ் ஒண்ணு! கடனே வாங்காதவனுக்கு வரலாறே கிடையாதாம், மார்க்கே கிடையாதாம். எனக்கு ஐநூத்திச் சொச்சம், அவனுக்கு மைனஸ் ஒண்ணு. யாரு தம்பி பெரியவன்? பேங்க் வாசல்லயே கேட்டுட்டேன், ‘என்ன மச்சான், இப்பத் தெரியுதா குதிரை எதுக்குன்னு?’ அவன் கனிஷ்காவைப் பாத்து, ‘பாப்பா, மாமாவால ஆகறதை ரொக்கமாத் தரேன்’னு சொல்லிட்டு, வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். நாலு வருஷத்துக்கு அவனால எவ்வளவு தர முடியும்? ஆனாலும் அன்னைக்கு ராத்திரி நான் நிம்மதியாச் சாப்பிட்டேன். பொய் சொல்லக் கூடாதுல்ல.

கனிஷ்கா சாப்பிடல. பேசவும் இல்ல. எங்கிட்ட மட்டும் பேசல. அவங்கம்மாகிட்ட அடுப்படியில நின்னு குசுகுசுன்னு பேசிக்கிட்டே இருந்தா. மறுநாள் ரெண்டு பேரும் எங்கிட்டச் சொல்லாம கொள்ளாம பேங்குக்குப் போயிருக்காங்க. மேடம் அமுதவல்லி பேரைத் தட்டியிருக்காங்க. எழுநூத்தி எம்பதுக்கு மேல! என் பொண்டாட்டிக்கு! திண்டுக்கல்லைத் தாண்டாதவளுக்கு! எப்படின்னு கேட்டா, கிரைண்டருக்கு ஒரு லோன், ஃப்ரிட்ஜுக்கு ஒரு லோன், மகளிர் குழுவுல வருஷா வருஷம் ஒரு லோன். எல்லாம் தேதி தவறாம கட்டியிருக்கா. எனக்குத் தெரியவே தெரியாது தம்பி. ஒரே வீட்ல இருக்கேன். மாசா மாசம் கையில பணம் வச்சிருந்திருக்கா, ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருந்தா தண்ணி கேன் பிசினஸைக் காப்பாத்தியிருப்பேன்ல?

அதை எழுத வேணாம். சும்மா பேச்சுக்குச் சொல்றேன்.

வருமானம் எவ்வளவுன்னு கேக்கறீங்களா? அமுதவல்லிக்கா? அட, அதென்ன வருமானம் தம்பி, பொழுது போகணும்ல. காலையில மூணு மணிக்கு எந்திரிச்சு ஊறப்போட்டதை அரைப்பா. கரைச்சு, பாக்கெட் போட்டு, தெருத் தெருவாப் போட்டுட்டு வருவா. மெஸ்ஸுக்கெல்லாம் தனியாப் போகுது. கூட்டிக் கழிச்சுப் பாத்தா வீட்டுச் செலவுக்கு ஆகும். கரன்ட் பில்லுக்கு ஆகும், ஸ்கூல் பீஸுக்கு ஆச்சு, என் பெட்ரோலுக்கு ஆகும். அவ்வளவுதான். அதைப் போய் வருமானம்னு எழுதினா சிரிப்பாங்க. என்ன, அதான் வருமானமா? சரி, உங்க ஃபாரம், உங்க இஷ்டம். ஆனா என் பங்கையும் போடுங்க. கரன்ட் கனெக்‌ஷன் என் பேர்லதான் இருக்கு. நான் இல்லைன்னா கிரைண்டர் எப்படிச் சுத்தும்?

ஏன் தம்பி எழுதறதை நிறுத்திட்டீங்க? தண்ணி தரவா? டீ போடத் தெரியாது எனக்கு.

சரி, நானும் ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். பணம் எப்போ கைக்கு வரும்? ஒரு யோசனை வச்சிருக்கேன். காலேஜ்ல ஹாஸ்டல் பீஸை எப்பவும் ரெண்டு மாசம் தவணை சொல்லித் தள்ளலாம், நான் பேசிக்குவேன், பேச்சு நமக்குக் கை வந்தது. அந்த ரெண்டு மாசம் பணத்தைச் சும்மா வைக்காம, நம்ம சிநேகிதன் ஒருத்தன் காடை வளக்கறான், அதுல போட்டு எடுத்தா... காடை, தம்பி. ஈமு மாதிரி இல்ல. இது சின்னது. நஷ்டம் வந்தாலும் சின்னதாத்தான் வரும்.

நேரா காலேஜுக்கே போயிடுமா? எங்க கைக்கு வராதா? ஒரு ரூபாகூடவா? இது என்ன தம்பி, அப்பன்னு ஒருத்தன் நடுவுல எதுக்கு இருக்கான்?

உங்க போன் அடிக்குது. எடுங்க, எடுங்க. யாரு, கனிஷ்காவா? நம்ம கனிஷ்காவா? ஸ்பீக்கர்ல போடுங்க, நான் இருக்கேன்னு சொல்லாதீங்க, திடீர்னு குரல் கொடுத்து ஒரு ஆச்சரியம்...

...

வச்சுட்டாளா.

இல்ல தம்பி, நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது. ‘சார், வீட்டுக்கு வந்துட்டீங்களா? அம்மா இப்போ வந்துடுவாங்க சார், நானும் வந்துட்டே இருக்கேன். தயவுசெஞ்சு நாலு மணிக்குள்ள முடிச்சுடுங்க சார். அப்பா ஆறு மணி பஸ்லதான் வருவாரு. அவரு இருந்தா பேசியே காரியத்தைக் கெடுத்துருவாரு சார். அதான் அவரைக் கல்யாணத்துக்கு அனுப்பிட்டு உங்களை இன்னைக்கு வரச் சொன்னேன்.’ இதானே சொன்னா? ‘தயவுசெஞ்சு’ன்னு சொன்னாளே, கேட்டீங்களா? அவ எங்கிட்டகூட அப்படிக் கெஞ்சினதில்ல. சின்னப் பிள்ளையில பொம்மைக்குக்கூட கெஞ்ச மாட்டா.

காலையில இந்தச் சட்டையை அவதான் தேச்சுக் கொடுத்தா. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். பேசாம இருந்த பிள்ளை, சட்டை தேச்சுக் கொடுக்குதேன்னு. அமுதவல்லி மொய்க் கவர்ல பணம் வச்சுக் கொடுத்து, ‘அவசரப்படாம இருந்து சாப்பிட்டுட்டு, வெயில் தாழ வாங்க’ன்னு வாசல் வரைக்கும் வந்து சொன்னா. கட்டிக்கிட்டு வந்ததுல இருந்து அவ வாசல் வரைக்கும் வந்ததில்ல. பஸ்ல போறப்ப அதையே நினைச்சுக்கிட்டுப் போனேன் தம்பி, நம்ம மேல எவ்வளவு பிரியம்னு.

வலிக்குது. ஆமா, வலிக்குதுதான். எனக்கு மரியாதைதான் முக்கியம்னு இப்பத்தானே சொன்னேன்.

எவ்வளவு எழுதியிருக்கீங்க? இங்க காட்டுங்க. இந்தக் கட்டத்துல என்ன போட்டிருக்கு? ‘வீட்டில் சந்தித்த நபர்.’ என் பேரை எழுதிட்டீங்களா? இன்னும் எழுதலையா? நல்ல வேளை, எழுதாதீங்க. நான் சொன்னது எல்லாத்தையும் விட்டுருங்க. காடை எல்லாம் ஒண்ணும் இல்ல, சும்மா வாய் அது. அமுதவல்லி மூணு மணிக்கு எந்திரிப்பான்னு சொன்னேன் பாருங்க, அது மட்டும் நிஜம். அதை அவ சொல்ல மாட்டா. கேட்டாலும் சிரிச்சுக்கிட்டு நிப்பா. அதை மட்டும் நீங்களே எழுதிக்குங்க.

சத்தம் கேக்குதா? அவ வண்டிதான், தெருமுனைக்கு வந்துருச்சு. சைலன்சர் ஓட்டை, மாத்தித் தரேன்னு நானும் ரொம்ப நாளா சொல்லிக்கிட்டு இருக்கேன். எந்திரிங்க தம்பி, பையை எடுத்துக்குங்க. சேரை நான் மடக்கி வச்சிடறேன். ஃபேனை அமத்துங்க. இப்படி வெளியில வந்து படியில உக்காருங்க, வெயிலு கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்குங்க. அவகிட்ட ஒரு சாவி இருக்கு, அவளே திறப்பா. நான் இந்தச் சந்து வழியா பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போயிடறேன், ஆறு மணிக்கு மேல வரேன்.

நீங்க வந்தப்ப வீடு பூட்டியிருந்துச்சு, யாருமே இல்லைன்னு சொல்லுங்க. பொய் இல்ல தம்பி. இதோ, பூட்டறேன் பாருங்க.